ரைன், மோசெல் பள்ளத்தாக்கில் ஒரு வாரம்: காரா, ரயிலா, கடனா?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். மனைவி ஆசிரியை. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. வரும் மே மாதம் ஜெர்மனி போய் ரைன், மோசெல் ஆற்றங்கரை ஊர்களை ஏழு இரவு தங்கிப் பார்க்க ஆசைப்படுகிறோம். டிசம்பரில் முதிரும் எஃப்.டி. வட்டியோடு 4.5 லட்சம் ரூபாய் வரும். இன்னும் ஒன்பது மாதத்துக்கு மாதம் 15,000 சேர்க்க முடியும். அவசரத் தேவைக்கான 3 லட்சம் தனியாக இருக்கிறது. ஏழு நாளும் வாடகைக் கார் என்பது என் திட்டம், ரயிலே போதும் என்கிறார் மனைவி. பற்றாக்குறைக்கு 1.5 லட்சம் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: கடன் வேண்டாம். ஏழு நாள் காரும் வேண்டாம். ரயிலை வைத்துத் திட்டமிட்டு, ரயில் போகாத பகுதிக்கு மட்டும் ஒரு நாள் கார் எடுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் கையில் சேரப்போகும் 5.85 லட்சத்துக்குள் பயணம் முடிந்துவிடும். கடன் தேவைப்படுவதே ஏழு நாள் காரால்தான்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்கிறேன், செலவு முழுவதும் அதைப் பொறுத்தது. கோப்லென்ஸ் நகரில் மோசெல் ஆறு ரைனில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே பிங்கன், ரூடெஸ்ஹைம் வரை சுமார் 65 கிலோமீட்டர்தான் 2002-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி. இதில் ஆற்றின் இரு கரையிலும் ரயில் பாதை உண்டு. இடது கரையில் போப்பார்ட், சாங்க்ட் கோவார், பாஹராஹ். வலது கரையில் பிராவ்பாஹ், கவுப், ரூடெஸ்ஹைம். பெரும்பாலும் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தாலே பழைய ஊரும் படகுத்துறையும் வந்துவிடும். காரில் போகிறவருக்கோ வேறொரு சிக்கல்: கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையில் ரைன் மீது பாலமே கிடையாது. கரை மாறப் படகில்தான் காரை ஏற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் கட்டணம். இரவில் படகு நின்றுவிட்டால் கோப்லென்ஸ் வழியாகவோ மைன்ஸ் வழியாகவோ சுற்றி வர வேண்டும்.

மோசெல் கதை வேறு. கோப்லென்ஸிலிருந்து கோஹெம் தாண்டி புல்லாய் வரை ரயில் ஆற்றை ஒட்டியே போகிறது. அதன்பிறகு ஆற்றை விட்டு விலகி, விட்லிஹ் வழியாக டிரியர் போய்ச் சேர்கிறது. திராட்சைத் தோட்டச் சரிவுகளுக்கு நடுவே ஆறு வளைந்து வளைந்து ஓடும் மிக அழகான பகுதி, பெர்ன்காஸ்டெல்-கூஸ் முதலிய ஊர்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. விட்லிஹ் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. ஆனால் இரண்டு மூன்று ஊர்களை ஒரே நாளில் பார்க்கக் கார்தான் வசதி. கார் ஓட்டும் உங்கள் ஆசைக்கு நியாயமான இடம் இது.

இப்போது கணக்கு. யூரோவுக்கு 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டணங்கள் நான் போடும் மதிப்பீடு. பதிவு செய்யும்போது உண்மை விலையை இட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட் நால்வருக்கும் 2,60,000 ரூபாய். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. 6 வயது முதல் 12 நிறையாதவர் வரை 45. உங்கள் மகள் 13 என்பதால் முழுக் கட்டணம். ஆக 315 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணமும் சேர்த்து சுமார் 41,000 ரூபாய். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு உள்ள பயணக் காப்பீடு கட்டாயம், அதற்கு 8,000. புறப்படும் முன்பே போகும் பணம் இவ்வாறு 3,09,000.

அங்கே போனபின்: தங்கல் நாளுக்கு 120 யூரோ வீதம் 840, சாப்பாடு நாளுக்கு 90 வீதம் 630, நுழைவுச்சீட்டும் சில்லறைச் செலவும் 200. ரயிலுக்கு 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' எடுத்தால் 2026 ஜனவரி முதல் ஆளுக்கு மாதம் 63 யூரோ, நால்வருக்கு 252. நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்கள், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் இது செல்லும். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து கோப்லென்ஸ் போவதும் இதிலேயே அடங்கும். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. ரைன் கப்பல் உலாவும் கரை மாறும் படகும் தனி, அதற்கு 130 ஒதுக்குங்கள். கூட்டினால் 2,052 யூரோ, அதாவது சுமார் 2,15,500 ரூபாய்.

மொத்தம் சுமார் 5,24,500. எதிர்பாராச் செலவுக்கு 40,000 சேர்த்தால் 5,64,500.

ஏழு நாள் கார் என்றால்? ஆட்டோமேட்டிக் சிறிய கார் 400 யூரோ, முழுக் காப்பு 120, மகனுக்கான இருக்கை 60, 700 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் சுமார் 86, பார்க்கிங் 70, கார் ஏறும் படகு 30: ஆக 766. ரயில், கப்பல் செலவான 382-ஐக் கழித்தால் 384 யூரோ, சுமார் 40,000 ரூபாய் கூடுதல். மொத்தம் 6 லட்சத்தைத் தாண்டிவிடும். அதற்கு மேல் கார் கம்பெனி உங்கள் கிரெடிட் கார்டில் நூற்றுக்கணக்கான யூரோவை டெபாசிட்டாகப் பிடித்து வைக்கும். கார்டு ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும். டெபிட் கார்டையும், முன்பே யூரோ ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல கவுண்ட்டர்களில் ஏற்பதில்லை. முன்கூட்டியே பணம் கட்டிவிட்டுப் போய், டெபாசிட்டுக்கு ஏற்ற கார்டு இல்லாததால் கார் கிடைக்காமல் நிற்கிற குடும்பங்கள் உண்டு. பிடித்த தொகை விடுவிக்கப்படச் சில நாள் முதல் சில வாரம் ஆகும், அதுவரை உங்கள் கார்டு வரம்பு குறைந்தே இருக்கும்.

ஒரு நாள் கார் மட்டும் எடுத்தால் வாடகை, காப்பு, இருக்கை, பெட்ரோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்து 150 யூரோ, சுமார் 15,750 ரூபாய். மொத்தம் 5.80 லட்சம். உங்கள் பணம் போதும்.

இனி கடனைப் பாருங்கள். 1.5 லட்சத்தை 14 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 7,200. வட்டி மட்டும் ஏறக்குறைய 22,800, செயலாக்கக் கட்டணம் தனி. பயணம் முடிந்து திரும்பியதும் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதம் வரும், தவணையும் அதே மாதம் வந்து நிற்கும். நாற்பதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காக இந்தச் சுமையை இழுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 3 லட்சத்தையும் தொடாதீர்கள்.

தங்குமிடத்தை மூன்று ஊராகப் பிரியுங்கள்: கோப்லென்ஸில் மூன்று இரவு, டிரியரில் மூன்று, கடைசி இரவு மைன்ஸில். டிரியரிலிருந்து நேராக விமானம் ஏறக் கிளம்புவது ஆபத்து. மூன்று மணி நேரத்துக்கு மேலான பயணம், இடையில் மாற்று ரயில் தவறினால் விமானமும் போய்விடும். மைன்ஸிலிருந்து விமான நிலையம் அரை மணி நேரம்தான். ஜெர்மானிய ரயில்கள் நேரம் தவறாதவை என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். தாமதம் அடிக்கடி உண்டு, பாதைச் சீரமைப்புக்காக மாதக்கணக்கில் மூடுவதும் உண்டு. ரைன் வலது கரைப் பாதைக்கு 2026 ஜூலை முதல் டிசம்பர் வரை அப்படி மூடத் திட்டமிட்டிருந்தார்கள். தேதி முடிவானதும் ரயில்வே செயலியில் உங்கள் வழித்தடத்தைப் பார்த்துவிடுங்கள்.

நால்வருக்கு ஓட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட சமையலறையோடு கூடிய விடுமுறை வீடு மலிவு. ஆனால் பெரும்பாலும் ஒரு இரவுக்குத் தரமாட்டார்கள், கடைசியில் சுத்தம் செய்யும் கட்டணமும் சேரும். ஒப்பிடும்போது அதையும் கூட்டிப் பாருங்கள். ரைன் பள்ளத்தாக்கில் ரயில் பாதை பல ஊர்களில் ஆற்றுக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஓடுகிறது. இரவு முழுக்கச் சரக்கு ரயில் போகும், வலது கரையில் அதிகம். 'ஆற்றைப் பார்த்த அறை' என்று கூடுதல் பணம் கொடுத்து, தூக்கத்தை இழக்க வேண்டாம். இன்னும் சிக்கனம் வேண்டுமானால் கோப்லென்ஸின் ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டையிலும், பாஹராஹின் ஷ்டாலெக் கோட்டையிலும் இளைஞர் விடுதிகள் இருக்கின்றன. குடும்பங்களும் தங்கலாம், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பாலும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மே 1, அசென்ஷன் வியாழன், பெந்தெகொஸ்தே திங்கள் ஆகியவை அங்கே அரசு விடுமுறை. அவற்றை ஒட்டிய வார இறுதிகளில் வாடகை ஏறும், அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி வையுங்கள்.

கார் எடுக்கும் நாளை டிரியரில், வார நாளில் வையுங்கள். வாடகை அலுவலகங்கள் பல சனி மதியத்தோடு மூடிவிடும். எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தால் ஒருவழிக் கட்டணம் இல்லை. ஒரு நாள் ஓட்டினாலும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும்: படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஆர்.டி.ஓ.வில் வாங்கலாம், ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸையும் கூடவே வைத்திருங்கள். 12 வயதுக்கு உட்பட்ட, 150 செ.மீ. உயரம் எட்டாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம்; பதிவின்போதே கேட்டு உறுதி செய்யுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பலகையில்லாச் சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. மது அருந்தினால் ஓட்டாதீர்கள், அது திராட்சை மது நாடு.

பணம் எப்படிக் கொண்டுபோவது என்பதிலும் ஒரு தொகை மிச்சமாகும். வெளிநாட்டுச் செலவுக்குப் பல கிரெடிட் கார்டுகள் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 4.13 சதவீதம் பிடிக்கின்றன. 2,052 யூரோவுக்கு அது சுமார் 8,900 ரூபாய். இந்தக் கூடுதல் கட்டணம் (மார்க்-அப்) இல்லாத கார்டு அல்லது ஃபாரெக்ஸ் கார்டு வாங்குங்கள். ஃபாரெக்ஸ் கார்டில் வங்கி தரும் யூரோ விலையைச் சந்தை விலையோடு ஒப்பிட்டு, ஏற்றும் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். யூரோ இறங்கட்டும் என்று காத்திருக்காமல் ஜனவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று தவணையாக ஏற்றுங்கள். யூரோ 112 ஆனால் விசாவும் சேர்த்து சுமார் 16,500 கூடும், அதைத் தாங்கவும்தான் அந்த 40,000. கடையில் 'ரூபாயிலா, யூரோவிலா' என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். சிறு கடைகள், மதுக்கூடங்கள் சிலவற்றில் ரொக்கமோ ஜெர்மானிய வங்கி அட்டையோ மட்டும் ஏற்பார்கள், அதனால் 250 யூரோ ரொக்கம் தேவை. நீங்களே பதிவு செய்தால், ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சம் ரூபாய் வரை ஃபாரெக்ஸ் வாங்க டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வரி) கிடையாது. டூர் பேக்கேஜ் என்றால் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கும்.

மாதம் 15,000-ஐ ஆர்.டி.யில் போடுங்கள், ஒன்பது மாதப் பணத்தைப் பங்குச் சந்தை ஃபண்டில் வைக்க வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கோடைக்கு முன் நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம், ஜனவரியிலேயே வாங்கிவிடுங்கள். ரத்து செய்யக்கூடிய தங்குமிடப் பதிவோடு விண்ணப்பித்து, விசா வந்தபின் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை எடுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் விஷயத்தில் இரண்டு கவனம்: அது நாட்காட்டி மாதத்துக்குத்தான் செல்லும், உங்கள் வாரம் மே மாத இறுதியில் தொடங்கி ஜூனில் முடிந்தால் இரண்டு மாதக் கட்டணம். மேலும் அது சந்தா. மே 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் ஜூன் மாதத்துக்கும் 252 யூரோ பிடிப்பார்கள். வாங்கிய கையோடு ரத்து செய்துவிடுங்கள், மே முடியும்வரை சீட்டு செல்லும்.