ஆங்கிலம் பேசிய வாள்

கேள்வி: சீன வாள்சண்டைப் படமான ‘க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’ இரண்டாம் பாகத்தில் சண்டையெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது? ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

பதில்: நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்? 2000-இல் வந்த முதல் படத்துக்குச் சண்டை அமைத்த யுவென் வூ-பிங்தான், 2016-இல் வந்த இதற்கு இயக்குநர். சமையற்காரரே வீட்டுக்காரரும் ஆகிவிட்டார். விருந்து தடபுடல், வந்தவர்களோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசத்தான் ஆளில்லை.

ஆங் லீ இயக்கிய முதல் பாகத்தில் முதல் சண்டைக்கே கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை சௌ யுன்-ஃபட்டும் மிஷெல் யோவும் பேசிக்கொண்டிருப்பார்கள். பேசாமல் விட்டதுதான் அதிகம். அப்புறம் வாள் திருடுபோகும், இசையமைப்பாளர் டான் டுன்னின் மேளம் அதிரும், ஆட்கள் சுவரேறிக் கூரைமேல் பறப்பார்கள். நான் பார்த்த அன்று பின்வரிசையில் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மூங்கில் காட்டுக் காட்சி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. உச்சிக் கிளையில் ஜாங் சீயி அடங்க மறுக்கிறாள்; சௌ யுன்-ஃபட் அடிக்க மறுக்கிறார். சண்டையே அவ்வளவுதான்!

இரண்டாம் பாகத்தில் உறைந்த ஏரிமேல் வழுக்கிக்கொண்டே மோதுகிறார்கள். கண்ணுக்கு அழகு. யார் விழுந்தால் எனக்கென்ன என்றுதான் இருந்தது.

கேள்வி: இரண்டாம் பாகத்தை ஆங்கிலத்தில் எடுத்ததால் கெட்டுப்போனது என்கிறேன். சரியா?

பதில்: பாதி சரி. முதல் படத்தின் மொழிக்கும் ஒரு கதை உண்டு. மலேசியாவில் பிறந்த மிஷெல் யோவுக்கு அப்போது சீனாவின் பொதுமொழியான மாண்டரின் வராது; வசனத்தை ஒலியாகவே மனப்பாடம் செய்து ஒப்பித்தார். ஹாங்காங்கின் சௌ யுன்-ஃபட்டுக்குத் தாய்மொழி, தென்சீனாவில் பேசும் கான்டனீஸ். அந்த உச்சரிப்பைச் சீன ரசிகர்கள் கேலி செய்தார்கள். நமக்கு எங்கே தெரிந்தது? சப்டைட்டில் மானத்தைக் காப்பாற்றியது. நான்கு ஆஸ்கர், அமெரிக்காவில் மட்டும் சுமார் 12.8 கோடி டாலர் வசூல். இரண்டாம் பாகத்தில் அந்தத் திரையும் விலகிவிட்டது. ‘விதி’, ‘மானம்’ என்று அதில் நடித்த டோனி யென் ஆங்கிலத்தில் நேரே நம் காதில் சொல்லும்போது, நாடக ஒத்திகைக்குள் தவறி நுழைந்துவிட்ட கூச்சம்.

கேள்வி: பெரிய திரையில் பார்த்திருந்தால் பிடித்திருக்குமோ?

பதில்: நெட்ஃபிளிக்ஸில் வரும் அன்றே தங்கள் ஐமேக்ஸ் திரைகளிலும் ஓட்ட முடியாது என்று அமெரிக்காவின் பெரிய தியேட்டர் நிறுவனங்கள் முறைத்துக்கொண்டன. நான் லேப்டாப்பில்தான் பார்த்தேன். நடுவில் அழைப்புமணி அடித்தது, எழுந்து போனேன். படத்தை நிறுத்தவில்லை. திரும்பி வந்தும் பின்னால் ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

கேள்வி: அப்படியானால் முதல் பாகத்தை மிஞ்சிய குங்ஃபூ இரண்டாம் பாகமே கிடையாதா?

பதில்: ஏன் இல்லை? ஜாக்கி சானின் ‘ட்ரங்கன் மாஸ்டர் 2’. 1978-இல் முதல் பாகத்தை இயக்கியவர், சாட்சாத் இதே யுவென் வூ-பிங். 1994-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவர் இல்லை. அங்கேயும் 16 வருட இடைவெளிதான் என்பது வேடிக்கை. கடைசிச் சண்டையில் ஜாக்கி நெருப்புக் கங்குகளின்மேல் நிஜமாகவே தவழ்ந்து போவார். எதிரே காலைச் சுழற்றி விளாசும் கென் லோ, நிஜ வாழ்க்கையில் ஜாக்கியின் மெய்க்காப்பாளராக இருந்தவர்!