இந்திய லீஜியன் மாடில் ஸ்வஸ்திகாக் கொடி: ஜெர்மனியில் வசிப்பவர் வெளியிடலாமா?

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்மண்டில் வசிக்கிறேன். ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ என்ற இரண்டாம் உலகப் போர்க் கணினி விளையாட்டுக்கு, நேதாஜி ஜெர்மனியில் திரட்டிய இந்திய லீஜியன் என்ற படையைப் பற்றி ஒரு மாட் (விளையாட்டில் ரசிகர்கள் சேர்க்கும் மாற்றத் தொகுப்பு) செய்து வருகிறேன். வரலாறு பிசகக் கூடாது என்று ஸ்வஸ்திகாக் கொடியையே வைத்திருக்கிறேன். 2018க்குப் பிறகு விளையாட்டுகளில் இதற்குத் தடையில்லை என்கிறார்கள். மாட்களைப் பகிரும் இணையதளமான ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் ஏற்றலாமா? சிக்கல் என்றால் சென்னை நண்பர் தன் கணக்கிலிருந்து ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அந்தக் கொடியோடு வெளியிட வேண்டாம். நண்பர் வழியாகவும் வேண்டாம். கொடியை மாற்றிவிட்டு வெளியிடுங்கள்.

2018இல் தடை நீங்கிவிட்டது என்பது பாதி உண்மை. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 86ஏ பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நாஜிச் சின்னங்களைப் பரப்பினாலோ பொதுவில் பயன்படுத்தினாலோ அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை. கலை, ஆய்வு, கல்வி, வரலாற்றை எடுத்துரைத்தல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. திரைப்படங்கள் அந்த விலக்கில்தான் ஸ்வஸ்திகாவைக் காட்டிவந்தன. விளையாட்டுகளுக்கு அது கிடைக்கவில்லை. நாஜிகளைச் சுடும் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ விளையாட்டு தொடர்பாக ஃப்ராங்க்ஃபர்ட் மேல்நீதிமன்றம் 1998இல் சொன்ன தீர்ப்பு இருபது ஆண்டுகள் வழிமறித்து நின்றது. 2018 ஆகஸ்டில், வயதுச் சான்று தரும் யுஎஸ்கே அமைப்பு, விளையாட்டுகளுக்கும் விலக்கு பொருந்துமா என்று ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பதாக அறிவித்தது. மாறியது இவ்வளவுதான்.

உங்கள் மாட் யுஎஸ்கே முன்பு போகப்போவதில்லை. மூல விளையாட்டுக்குக் கிடைத்த சான்று, பரிசீலனைக்குக் கொடுத்த பதிப்புக்கு மட்டுமே. சட்டத்தில் உள்ள விலக்கை நீங்களும் கோரலாம். ஆனால் அது பொருந்துமா என்று முடிவுசெய்வது அரசு வழக்கறிஞரும் நீதிமன்றமும். ஆடுபவர் ஜெர்மனியை நடத்தி உலகையே வெல்லக்கூடிய விளையாட்டில், ‘வரலாற்றுக் கல்வி’ என்ற வாதம் பலவீனமானது என்பதே என் கருத்து.

நண்பர் யோசனைக்கு வருகிறேன். செக் நாட்டிலிருந்து யூடியூப் வழியாக ஸ்வஸ்திகாவைக் காட்டிய ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. அந்த ஓட்டையை 2021இல் அமலுக்கு வந்த திருத்தம் அடைத்துவிட்டது. ஜெர்மன் குடிமக்களும் ஜெர்மனியில் வாழ்பவர்களும் வெளிநாட்டிலிருந்து ஏற்றினாலும் சட்டம் அவர்களைத் தொடரும். போதாக்குறைக்கு, ஜெர்மனியில் பரப்புவதற்காகத் தயாரிப்பதே குற்றம். தயாரித்தவர் நீங்கள்தானே. உங்கள் கணினியில் வைத்துத் தனியாக ஆடுவது வேறு விஷயம். அதையே நேரலையில் ஸ்ட்ரீம் செய்தால் அது பொதுவில் காட்டுவதாகிவிடும்.

சின்னத்தைக் கொஞ்சம் வளைத்து வரைந்தால் தப்பிக்கலாம் என்று பல மாடர்கள் நினைக்கிறார்கள். பார்த்தால் அதுவென்று மயங்கக்கூடிய வடிவத்தையும் சட்டம் அதாகவே கருதும். நாஜிகளின் எஸ்எஸ் படை சின்னமாக வைத்திருந்த ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்துகள், ஹிட்லர் படம், நாஜிக் கட்சிப் பாடலான ஹோர்ஸ்ட் வெஸ்ஸல் பாடல், ‘ஹைல் ஹிட்லர்’ முழக்கம் எல்லாம் இதில் அடங்கும். இரும்புச் சிலுவை, டாங்கிகளில் உள்ள பால்கென்க்ராய்ட்ஸ் சிலுவை, பேரரசுக் காலத்துக் கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடி ஆகியவற்றை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. கொடிக்கு அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். (கோயிலிலும் வீட்டு வாசலிலும் நாம் வரையும் ஸ்வஸ்திகத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் தொடர்பில்லை.)

லீஜியனின் கைப்பட்டை உங்களுக்குச் சாதகம். மூவண்ணம், பாயும் புலி, ‘ஃப்ரைஸ் இண்டியன்’ (சுதந்திர இந்தியா) என்ற எழுத்து. இவற்றில் தடைக்குரியது எதுவும் இல்லை. ஆனால் அதே வீரரின் வலது மார்பில் ஜெர்மன் ராணுவமான வெர்மாக்டின் கழுகுச் சின்னம் இருக்கும், அதன் காலடியில் ஸ்வஸ்திகா. பழைய புகைப்படத்திலிருந்து தளபதி முகங்களை வெட்டும்போது அது சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். கொடிக் கோப்புகள் 82×52, 41×26, 10×7 என்று மூன்று அளவில் இருப்பதும், கொள்கைக்கொரு கொடி தனியாக இருப்பதும் உங்களுக்குத் தெரியும். பெரியதை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை மறந்துவிடாதீர்கள். விமான வால், முகப்புப் படம், ஸ்க்ரீன்ஷாட், ஒலிக்கோப்பு எல்லாவற்றையும் பாருங்கள். பயன்படுத்தாத பழைய கோப்பு தொகுப்பில் கிடந்தாலும் அதுவும் சேர்ந்தே பரவும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திக் கேட்கிறேன். சின்னத்தை எடுக்கும்போது குற்றத்தையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். 2017இல் வந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 2’ ஜெர்மன் பதிப்பில் ஹிட்லரின் மீசையோடு யூதர்களைப் பற்றிய குறிப்புகளும் காணாமல் போயின. ஜெர்மானியர்களே அதைக் கண்டித்தார்கள். சட்டம் அப்படி எதையும் கேட்கவில்லை. உங்கள் நிகழ்வுப் பெட்டிகளில் எழுத நிறைய இருக்கிறது: வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட போர்க்கைதிகளிலிருந்து ஆள் சேர்த்தது, ஹிட்லர் பெயரும் போஸ் பெயரும் சேர்ந்து வந்த உறுதிமொழி, 1943 பிப்ரவரியில் நேதாஜி கீல் துறைமுகத்திலிருந்து நீர்மூழ்கியில் போனபின் அவர்கள் நெதர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் அனுப்பப்பட்டது, 1944 ஆகஸ்டில் எஸ்எஸின் போர்ப்பிரிவான வாஃபன் எஸ்எஸ் கீழ் கொண்டுபோகப்பட்டது. எஸ்எஸ் என்ற பெயரைச் சாதாரண எழுத்தில் எழுதத் தடையில்லை. ரூன் எழுத்துரு மட்டும் வேண்டாம்.