ஹாஸ்கெல் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஜாவா, பைத்தான் என்று ஓடிக்கொண்டிருக்க, இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் உங்கள் மகள் மட்டும் யாரும் கேள்விப்படாத ஹாஸ்கெல் என்ற புரோகிராமிங் மொழியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்கெல் மட்டும் தெரிந்தால் நம் ஊர் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைப்பது கஷ்டம். ஆன்லைன் பணப் பரிமாற்றத் தொழில் செய்யும் பெங்களூரு ஜஸ்பே மாதிரி அதை நம்பித் தொழில் செய்யும் கம்பெனிகள் இங்கே குறைவு. ஆனாலும் அவள் படிக்கட்டும்.

காரணம், அதில் பழகும் 'ஃபங்ஷனல்' முறை, அதாவது சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோத்து புரோகிராம் எழுதும் முறை, இப்போது எல்லா இடத்திலும் நுழைந்துவிட்டது. 2014-ல் வந்த ஜாவா 8-லேயே லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்), ஸ்ட்ரீம் (பட்டியலை லூப் இல்லாமல் கையாளும் வசதி) எல்லாம் சேர்ந்தன. இன்டர்வியூவில் அதைக் கேட்கிறார்கள். டேட்டா வேலைகளில் புழங்கும் ஸ்பார்க் என்ற மென்பொருள், ஸ்காலா என்ற மொழியில் எழுதப்பட்டது. நீங்கள் தினமும் பார்க்கும் வாட்ஸ்அப்பின் சர்வர்களில் ஓடுவது எர்லாங். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் கம்பெனியில் உருவான மொழி அது. இவையெல்லாம் ஹாஸ்கெலுக்கு ஒருவகையில் உறவுதான்.

இனி வருவதை மகளிடம் படிக்கக் கொடுங்கள்.

சி-யில் ஃபார் லூப் எழுதிப் பழகிய கை முதலில் திணறத்தான் செய்யும்மா. ஹாஸ்கெலில் லூப் கிடையாது. ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பை அப்புறம் மாற்றவும் முடியாது. அப்படியானால் மார்க் பட்டியலை எப்படிக் கூட்டுவது? பட்டியல் காலியாக இருந்தால் கூட்டுத்தொகை 0. இல்லையென்றால், முதல் மார்க்கோடு மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர்த்துக்கொள். புரோகிராமே இந்த இரண்டு வரிதான். மீதியை யார் கூட்டுவார்கள் என்று கேட்காதே, அதே ஃபங்ஷன்தான் கூட்டும்.

இதே மாதிரி பட்டியலின் நீளம், பெரிய எண், தலைகீழாகத் திருப்புவது என்று ஒவ்வொன்றாக நீயே எழுதிப் பார். மொழியிலேயே தயாராக இருக்கிறதே என்று விட்டுவிடாதே. நாலைந்து எழுதியதும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தெரியும். அந்த அச்சுக்குத்தான் ஃபோல்டு என்று பெயர். பட்டியலில் ஒவ்வொன்றையும் மாற்றும் மேப், வேண்டியதை மட்டும் பொறுக்கும் ஃபில்டர் இரண்டையும் அதற்குள் நீயே கண்டுபிடித்திருப்பாய்.

சராசரி கணக்கிடும்போது எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். பட்டியலின் நீளத்தைச் சொல்லும் லெங்த் தருவது முழு எண். வகுத்தல் குறி அதை நேரடியாக ஏற்காமல் ஒரு முழ நீளத்துக்குப் பிழைச்செய்தி காட்டும். பயப்படாமல் முதல் பிழையையும் அதன் வரி எண்ணையும் மட்டும் பார். முழு எண்ணை வேறு எண் வகைக்கு மாற்றும் ஃப்ரம்இன்டெக்ரல் போட்டு மாற்றினால் சரியாகிவிடும். எந்த ஃபங்ஷனுக்கும் முதல் வரியில் அதன் டைப்பை, அதாவது எந்த வகை மதிப்பை வாங்கி எந்த வகையைத் தரும் என்பதை, எழுதிவிட்டுத் தொடங்கினால் பாதித் தொல்லை குறையும்.

ஹாஸ்கெலில் செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க உதவும் மோனட் பற்றிய வீடியோக்களை இப்போதைக்குப் பார்க்க வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போனவர்கள்தான் அதிகம். ஜிஎச்சிஅப் என்ற இன்ஸ்டாலர் மூலம் ஹாஸ்கெலை இன்ஸ்டால் செய்துகொள். 4 ஜிபி லேப்டாப் என்றால் விஎஸ் கோடு எடிட்டரில் ஹாஸ்கெல் எக்ஸ்டென்ஷன் போட்டுத் திண்டாடாதே. ஒரு சாதாரண எடிட்டரும், ஒரு வரி டைப் செய்தால் உடனே விடை காட்டும் ஜிஎச்சிஐ-யும் போதும்.

அம்மா, இதற்காகக் காசு கட்டி எந்தக் கோர்ஸிலும் சேர்க்க வேண்டாம். சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் நடத்திய ஹாஸ்கெல் பாடம் இருக்கிறது. வீடியோக்களை இலவசமாகவே பார்க்கலாம். தினம் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும், ஆனால் அரியர் வைக்கக் கூடாது. ஐந்தாவது செமஸ்டர் வந்ததும் ஜாவாவிலோ பைத்தானிலோ டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கணக்குகளைப் போட ஆரம்பித்துவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரெஸ்யூமேயில் வெறுமனே 'ஹாஸ்கெல்' என்று போட்டால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். அடைப்புக்குறியோடு ஒரு கணக்கை டைப் செய்தால் அதைப் படித்து விடை சொல்கிற சின்ன கால்குலேட்டர் ஒன்றை எழுதி, புரோகிராம்களை எல்லோரும் பார்க்கப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் போடச் சொல்லுங்கள். அடைப்புக்குறியை மூட மறந்தால் உன் புரோகிராம் என்ன செய்யும் என்று இன்டர்வியூவில் கேட்பார்கள். அதற்கும் பதில் தயாராக இருக்கட்டும்.