வயிறு கூம்பாகப் புடைத்தால் நிறுத்துங்கள்

கேள்வி: இரண்டாவது பிள்ளை சிசேரியனில் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஜிம்மில் தனியாக ட்ரெய்னர் வைத்திருக்கிறேன். தினம் 50 சிட்-அப்ஸ் எடுக்கச் சொல்கிறார். எழும்போது நடுவயிறு கூம்பு மாதிரி புடைக்கிறது. தும்மினால் சிறுநீர் சொட்டுகிறது. தொடரலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: இன்றோடு நிறுத்திவிடுங்கள். கர்ப்பத்தில் வயிற்றின் இரு நெடுந்தசைகளுக்கு நடுவே உள்ள பட்டை விரிந்து மெலிகிறது. சிட்-அப்ஸில் ஏறும் அழுத்தம் அந்த மெலிந்த இடத்தை வெளியே தள்ளுகிறது, அதுதான் கூம்பு. அதே அழுத்தம் கீழே, சிறுநீர்ப்பையைத் தாங்கும் அடித்தசை மீதும் இறங்குகிறது. தும்மலில் சொட்டுவது ஏற்கனவே அங்கே பிடி தளர்ந்திருப்பதால்தான்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தொப்புளுக்கு மேல் விரல் நுனிகளை ஊன்றி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். இரு பக்கமும் தசையின் ஓரம் தட்டுப்படும். நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தாலோ, விரல் மெத்தென்று புதைந்தாலோ, ஃபிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

அதுவரை இது போதும்: அதே நிலையில் மூச்சை இழுத்து, வாய்வழியே விட்டபடியே சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை மேலே இழுங்கள். ஒரு குதிகாலைத் தரையோடு தேய்த்து நீட்டி, மடக்குங்கள். காலுக்கு 8 முதல் 10 தடவை, இரண்டு சுற்று. இடுப்பு தரையை விட்டு வளைந்தால் பாதிதான் நீட்ட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தப்பு. பிள்ளையைத் தூக்கினாலும் குடத்தைத் தூக்கினாலும், தூக்கும் நொடியில் மூச்சு வெளியே போக வேண்டும். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, கை ஊன்றி எழுங்கள்.

புடவைத் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்வார்கள். இறுக்கினால் அழுத்தம் கீழே போகலாம், கசிவு கூடலாம். வயிற்றுத் தசைகள் இப்படி விலகுவதற்குப் பெயர் 'டயஸ்டாசிஸ் ரெக்டை'; ட்ரெய்னரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். விழித்தால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு மூன்று மாதம். ஏற்காட்டு மேட்டில் பழையபடி ஓடலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: 12 வாரம் முடிந்தபின், அதுவும் சமதளத்தில். முதலில் 30 நிமிடம் வேகநடை, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்றல், நின்ற இடத்திலேயே ஒரு நிமிட ஓட்டம். கசிவோ, கீழே பாரமாக இழுப்பதோ இருந்தால் ஓட்டம் தள்ளிப்போகட்டும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அடி பலமாக விழும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது.