சாப்பாட்டு மேசையில இன்டர்வியூ எண்டா பயப்பிடாதேங்கோ, கேளுங்கோ சொல்லுறன்

கொழும்பில பத்து வருசமா வேலைக்கு ஆள் எடுக்கிற பக்கம் இருந்திட்டு இப்ப யாழ்ப்பாணம் வந்திட்டன். மத்தியானச் சாப்பாட்டோட இன்டர்வியூ எண்டு கேட்டவுடன எங்கட பிள்ளையள் கலங்குதுகள், அதுதான் வந்த கேள்வியளுக்கு ஒண்டொண்டாச் சொல்லுறன்.

கேள்வி: அக்கா, ஹோட்டலுக்கு வரச்சொல்லியிருக்கினம். கத்தி, முள்ளுக்கரண்டி பிடிச்சே பழக்கமில்லை.

பதில்: தம்பி, முள்ளுக்கரண்டி இடக்கை, கத்தி வலக்கை. கனக்க வைச்சிருந்தா வெளிப்பக்கம் இருக்கிறதில துடங்கி உள்ளுக்கு வாங்கோ. வலப்பக்கத் தண்ணிக் கிளாஸும் இடப்பக்கத்துச் சின்னப் பாண் கோப்பையும் உங்கட. முடிஞ்சா ரெண்டையும் கோப்பையில பக்கத்துப் பக்கத்தில வைச்சுவிடுங்கோ, வெயிற்றருக்கு விளங்கும். சோறு கறிக்கு கத்தியே தேவையில்லை, கரண்டியும் முள்ளும் காணும். கூப்பிட்டவர் கையால சாப்பிட்டா நீங்களும் கையைக் கழுவிட்டு வடிவாச் சாப்பிடுங்கோ, அதில என்ன வெக்கம்?

கேள்வி: அண்டைக்கு வெள்ளிக்கிழமை, நான் மச்சம் சாப்பிடுறேல்லை. சொன்னாப் பிழையா நினைப்பினமோ?

பதில்: ஒருத்தரும் நினைக்க மாட்டினம் தங்கச்சி. ஆனா மேசையில இருந்துகொண்டு சொல்லாம, வாறன் எண்டு பதில் போடேக்கயே "நான் சைவம்" எண்டு ஒரு வரி போட்டுவிடுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் இஞ்ச கன வீட்டில மச்சம் இல்லை எண்டது வெளியில இருந்து வாறவைக்குத் தெரியாமலும் இருக்கும்.

கேள்வி: என்ன ஓடர் பண்ணுறது?

பதில்: நண்டுக்கறி, கோதோட இறால், முள்ளு மீன் இதுகள் அண்டைக்கு வேண்டாம், கையும் வாயும் அதிலயே நிண்டிடும். விலையில நடுவில இருக்கிறதைச் சொல்லுங்கோ. வெறும் வயித்தோட போகாதேங்கோ, வீட்டில ரெண்டு இடியப்பமாவது சாப்பிட்டிட்டுப் போங்கோ, ஏனெண்டா அங்க நீங்கள் போறது கதைக்க, வாய் நிறையச் சோறு இருக்கேக்க கேள்வி வந்தா அவசரமா விழுங்க வேண்டி வரும். சின்னச் சின்ன வாயா எடுத்தா அந்தக் கரைச்சல் இல்லை.

கேள்வி: அக்கா, உண்மையில என்னத்தைத்தான் பாக்கினம்?

பதில்: மற்றவையோட எப்பிடி நடக்கிறீங்கள் எண்டதை. நான் இருந்த ஒரு இன்டர்வியூவில ஒரு தம்பி, படிப்புத் திறம், இங்கிலிசும் நல்லாக் கதைச்சவர், தண்ணி கொண்டுவரப் பிந்தின பெடியனைப் பாத்து "டேய், கேட்டு எவ்வளவு நேரம்" எண்டு கத்தினார். அந்த வேலையோ நாள் முழுக்க வாடிக்கையாளரோட கதைக்கிற வேலை. அவரை எடுக்கேல்லை. எனக்கு இப்பவும் மனவருத்தம்தான், ஆரும் முதலே சொல்லியிருந்தா திருந்தியிருப்பார். சாப்பாடு கொண்டுவாற ஆளுக்கும் முகத்தைப் பாத்து நன்றி சொல்லுங்கோ பிள்ளையள்.

கேள்வி: பியர் குடிக்கச் சொன்னா?

பதில்: "வேண்டாம், தண்ணி காணும்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுங்கோ. காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: பில்லை நான் குடுக்கிறதோ? சம்பளம் எப்ப கேக்கிறது?

பதில்: கூப்பிட்டவைதான் குடுப்பினம், பில்லுக்கு இழுபறிப்படாதேங்கோ. சம்பளத்தை அவையள் துடங்கட்டும். துடங்காட்டி, கோப்பையள் எடுத்து பிளேன்ரீ வந்தாப்பிறகு மெதுவாக் கேளுங்கோ.