சொந்த நிரல்மொழியில் மதிப்பு கொடுக்க = வைப்பதா, := வைப்பதா?

இரண்டுமே ஓடும். ஆனால் எதை வைத்தால் எங்கே இடிக்கும் என்று தெரிந்து வையுங்கள்.

ஆல்கால் 60 மொழியில் மதிப்பு கொடுக்க :=, ஒப்பிட =. கணிதம் படித்தவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியை உருவாக்கிய கென் தாம்சன் வேறு கணக்குப் போட்டார்: நிரல்களில் ஒப்பிடுவதைவிட மதிப்பு கொடுப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம், ஆகவே அதன் குறி பாதி நீளம் போதும். சி மொழிக்கு மதிப்பு கொடுக்க =, ஒப்பிட == வந்தது அப்படித்தான். தட்டச்சு மிச்சம். ஆனால் நிபந்தனைக்குள் == என்பதில் ஒரு = விட்டுப்போனால் ஒப்பிடுவதற்குப் பதில் மதிப்பு கொடுத்துவிடும், அப்போதும் அது சரியான சி நிரல்தான், அதுதான் வம்பு.

குறியை மட்டும் தனியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்தில் என்ன வரும் என்றும் பாருங்கள். ஆரம்பகால சியில் இன்றைய -= குறியை (கழித்து, விடையை அதிலேயே வைப்பது) =- என்று எழுதினார்கள். அப்போது இந்த வரி:

எண்=-10

எண்ணுக்கு -10 கொடுக்கிறதா, அதிலிருந்து பத்தைக் கழிக்கிறதா? இடைவெளி விடாதவர் மாட்டிக்கொள்வார். 1976-ல்தான் குறியைத் திருப்பிப் போட்டார்கள். உங்கள் குறிகளையும் இப்படி இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதிப் பாருங்கள்.

நான் = வைப்பேன். ஆனால் அதை நிபந்தனைக்குள் அனுமதிக்க மாட்டேன். பைத்தானும் அப்படித்தான், நிபந்தனைக்குள்ளும் மதிப்பு கொடுக்க வேண்டும் என்றவர்களுக்காக 2019-ல் 3.8 பதிப்பில் := தனியாக வந்தது.