மோட்டார் ஓடினால் மட்டும் எரியும் விளக்கு

கேள்வி: சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் 1 எச்.பி. மோட்டார் கீழே இருக்கிறது. நாங்கள் இரண்டாம் மாடி. மோட்டார் ஓடுவது சமையலறையில் தெரிய வேண்டும். சுவிட்சிலிருந்து ஒரு இண்டிகேட்டர் இழுத்தால் போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். போதுமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: போதாதம்மா. அந்த இண்டிகேட்டர் லைனில் 230 வோல்ட் இருந்தாலே எரியும். மோட்டார் சூடேறி, ஓவர்லோடு டிரிப் ஆகி நின்றுபோனாலும் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது, மோட்டார் கரண்ட் இழுத்தால் மட்டும் எரிகிற விளக்கு.

அதற்கு சி.டி. என்கிற, வளையம் மாதிரி இருக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். மோட்டாரின் ஒயரை வெட்டவே வேண்டாம், அந்த வளையத்துக்குள் விட்டால் சரி. 1000-க்கு 1 விகித சி.டி.யில் 5 ஆம்பியர் ஓடினால் மறுபக்கம் 5 மில்லி ஆம்பியர் வரும். ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிய அது தாராளம். இரண்டு எல்.இ.டி.யை எதிரெதிர் திசையில் இணைத்து, குறுக்கே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போடச் சொல்லுங்கள். சி.டி.யின் அவுட்புட் முனைகள் எதிலும் இணையாமல் கிடந்தால் வோல்டேஜ் எகிறும், எல்.இ.டி. பழுதானால் அந்த ரெசிஸ்டர்தான் காப்பாற்றும். மாடிக்கு மெல்லிய ஒயரே போதும், ஆனால் மெயின் ஒயர் போகும் பைப்பில் அதைச் சேர்த்து விடக் கூடாது.

ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும்போது கவனம் இங்கேதான் வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சில சி.டி.க்களுக்குள்ளேயே ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள்; அதிகபட்சமே 1 வோல்ட்தான் தரும், எல்.இ.டி. எரியாது. "அவுட்புட் மில்லி ஆம்பியரா, வோல்ட்டா?" என்று கேட்டு, மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டதையே வாங்குங்கள். வளையம் திறந்து மூடும் வகை கிடைத்தால் மாட்டுவது இன்னும் சுலபம்.

மாட்டுகிறவரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: வளையத்துக்குள் ஃபேஸ் ஒயர் மட்டும்தான் போக வேண்டும். நியூட்ரலும் சேர்ந்து போனால் இரண்டிலும் எதிரெதிராக ஓடும் கரண்ட் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், விளக்கு எரியவே எரியாது. மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனே செய்யட்டும், நீங்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அப்புறம், சம்ப் வறண்டு மோட்டார் வெறுமனே ஓடினாலும் இந்த விளக்கு எரியத்தான் செய்யும். மோட்டார் அப்படி ஓடுவதைத் தடுக்க, தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றை சம்ப்பில் தனியாகப் போட வேண்டும்.